குழாய் கட்டுறவன் மக

உக்காருங்க சார். பாப்பாவ மடியில எடுத்துக்கிறேன், நீங்க தாராளமா உக்காருங்க. இந்தப் பஸ்ஸ விட்டா நம்ம பக்கம் போக மத்தியானம்தான் வண்டி. நீங்க எங்கிட்டு? கடைசி ஸ்டாப்பா? நான் அதுக்கு முந்தியே எறங்கிருவேன், ஆவரம்பட்டி. இன்னைக்கு எங்கூரு அழகுநாச்சி கோயில்ல காப்புக் கட்டு. நான்தான் ரேடியோ செட்டு, மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கரு கட்டுறவன். அடைக்கலம்னா சுத்துப்பட்டுல தெரியும். அழகுநாச்சி சவுண்ட் சர்வீஸ், நம்ம கடைதான்.

கையில இருக்குற பிளாஸ்திரியத்தான பாக்குறீக. ஊசி ஏத்துறதுக்காகப் போட்டது. பிக்கலாம்னா அழுவுறா, வீட்டுக்குப் போயி எண்ணெயத் தொட்டு எடுத்துக்கலாம். காதுக்குப் பின்னாடி முடிய வழிச்சு விட்டுருக்கிறதும் ஆஸ்பத்திரியிலதான். பயப்படாதீக, ஒட்டிக்கிற சீக்கெல்லாம் கெடையாது. இவளுக்குக் காது கேக்கலைங்கிறாக, அம்புட்டுத்தான். அதுக்காவ மண்டையத் தொளச்சு உள்ள ஒரு மிசினு வைக்கணும், அப்பத்தான் பேச்சு வரும்னு சொல்லிப் படுக்கப் போட்டாக. நாலு வயசு நடக்குது சார் இவளுக்கு. பேரு சுடர்விழி. வேடிக்கை பாக்குறதுன்னா உசுரு. பாருங்க, சன்னலை விட்டுக் கண்ண எடுக்கிறாளா?

கேக்கலைன்னு சொல்லிப்புட்டுப் போயிருந்தாக்கூடப் பரவால்ல சார். ஊருக்குள்ள என்ன பேசுறாக தெரியுமா? இவன் குழாயக் கட்டிக் கட்டித்தான் வயித்துல இருந்த புள்ளை காது செத்துப்போச்சு, அப்படிங்கிறாக. எந்த ஊரு? பங்குனிக்கும் ஆடிக்கும் எங்கிட்ட வந்து, அடைக்கலம், இன்னும் ரெண்டு பாக்ஸு சேத்து வையி, பக்கத்தூருக்குக் கேக்கணும்னு சொல்லுற அதே ஊருதான். அவுக புள்ளையெல்லாம் நல்லாத்தான இருக்கு? என் குழாய் என் புள்ளைய மட்டுமா தேடி வந்து அடிக்கும்? நீங்களே சொல்லுங்க.

என் பொண்டாட்டி உமையாள். வேற யாருமில்ல, எங்கக்கா மகதான். சின்னதுல இருந்து மாமா மாமான்னு என் கடையிலயே கெடந்தவ. வயர் சுத்துவா, மாலை வாங்கியாந்து பூசை போடுவா. கல்யாணமாகி வயித்துல புள்ளை இருந்தப்பவும் கடைக்கு வருவா. பாக்ஸுல பாட்டுப் போட்டா உள்ள புள்ளை ஒதைக்குது மாமான்னு என் கையப் புடிச்சு வயித்துல வச்சுக் காட்டுவா. ஒதைச்சுச்சு சார். நானே பாத்தேன். காது செத்த புள்ளை பாட்டுக்கு ஒதைக்குமா?

பிரசவம் எங்க தாலுக்கா ஆஸ்பத்திரியிலதான். கொறை சொல்ல முடியாது, நல்லாத்தான் பாத்தாக. சுகப்பிரசவம். என்ன ஒண்ணு, வீட்டுக்குப் போலாம்னு சொல்லுறப்ப நர்ஸம்மா வந்து ஒரு சேதி சொன்னாக. பொறந்த புள்ளைக்கெல்லாம் குதிகால்ல ரத்தம் எடுத்துப் பாப்போம், அது எடுத்தாச்சு. காதுக்கும் ஒரு டெஸ்ட்டு இருக்கு, அது பாக்குற பொண்ணு வாரத்துல ஒரு நாள்தான் இங்க வரும், மத்த நாளெல்லாம் வேற ஆஸ்பத்திரிக்குப் போயிரும், நேத்துத்தான் வந்துட்டுப் போச்சு. அடுத்த வாரம் வரைக்கும் இருந்து பாத்துட்டுப் போங்க, இல்லாட்டி மறக்காமக் கூட்டியாங்கன்னாக. அடுத்த வாரம் வரைக்கும் அங்க எப்படிங்க இருக்கிறது? ஒரு கட்டில்ல ரெண்டு தாயி படுத்துருக்காக. அதுபோக எனக்குச் சிங்கத்தார் வீட்டுக் காதுகுத்து. கெடாவெட்டோட பெரிய விசேசம், ரெண்டு நாள் பாட்டு. நான் கூட்டியாந்துட்டேன். யாரா இருந்தாலும் கூட்டியாந்துருப்பாக.

உமையா விடலை. பச்சை ஒடம்போட பஸ்ஸேறி அந்த வாரம் புள்ளையக் கொண்டுபோனா. நானும் போனேன், போகலைன்னு சொல்லக் கூடாது. சின்ன ரூமு. ஒரு பொண்ணு, கல்யாணமாகாத பொண்ணு, பட்டாணி கணக்கா ஒண்ணைப் புள்ளை காதுல சொருகி, கையில வச்சிருந்த மிசினப் பாத்துச்சு. இந்தக் காது பாத்துச்சு, அந்தக் காது பாத்துச்சு. மறுபடியும் பாத்துச்சு. அப்புறம் சொல்லுச்சு, பொறந்த புள்ளைக்குக் காதுல தண்ணி நிக்கும், அதனாலகூட மிசினு ஏத்துக்காம இருக்கலாம், அடுத்த மாசம் கூட்டியாங்க, மறுபடி பாப்போம்னு.

தண்ணி. அம்புட்டுத்தான சார்? எனக்கு அப்பவே நிம்மதியாப் போச்சு. எங்க குழாய்க்குள்ளயும் மழைத்தண்ணி எறங்கிரும். எறங்கினா கரகரன்னு கெடக்கும், வெயில்ல வச்சா சரியாப் போயிரும். நான் உமையாகிட்டச் சொன்னேன், தண்ணிதான் புள்ள, காஞ்சுரும். அவ, அந்தப் பொண்ணு மறுபடி பாப்போம்னு சொன்னதையே சொல்லிக்கிட்டு வந்தா.

அடுத்த மாசம் போனோம். ரூமு பூட்டிக் கெடக்கு. கேட்டா, அந்தப் பொண்ணு காண்ட்ராக்ட்டு, முடிஞ்சு போயிருச்சு, புதுசா ஆளு போடுவாகன்னாக. அதுக்கடுத்து உமையா மட்டும் போனா, மிசினு சர்வீசுக்குப் போயிருக்குன்னாக. இன்னொரு வாட்டி ஆளும் இருந்துச்சு, மிசினும் இருந்துச்சு, இவ அழுதுட்டா. புள்ளை தூங்கினாத்தான் பாக்க முடியும், வெளிய போயிப் பாலு குடுத்துத் தூங்க வச்சுக் கொண்டாங்கன்னு சொல்லிருக்காக. இவ தூங்குறதுக்குள்ள அந்த ஆளு கெளம்பிட்டாரு. பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டு போயிருங்கன்னு எழுதிக் குடுத்தாக. உமையா சாயங்காலம் கடை வாசல்ல வந்து நிக்கிறா, புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு. மாமா, நாளைக்கே போயிருவோமாங்கிறா.

சீசன் முடியட்டும்னேன். தப்பா சார்? ஆனா எங்க தொழில்ல ஒரு கஷ்டம் இருக்கு. மார்கழியில விடியக்காலைப் பாட்டு. தையில பொங்கலு. மாசி மகம், பங்குனி உத்திரம். சித்திரை வைகாசி கேக்கவே வேணாம், கல்யாணமும் கோயிலுமா ஆளு படுக்க நேரமிருக்காது. ஆடியில கூழு. ஆவணியில மறுபடி கல்யாணம். புரட்டாசி சனி, கார்த்திகை ஐயப்பன் பஜனை. சீசன் இல்லாத மாசம்னு ஒண்ண நீங்க சொல்லுங்க, நான் அப்பக் கூட்டிப் போறேன்னுதான் அவகிட்டயும் கேட்டேன். 

நல்ல புள்ளை சார் இவ. சும்மா சொல்லலை. தொட்டில்ல போட்டா போட்டதுதான். வீட்டுக்கு மேலயே குழாய் அலறும், வேட்டு வெடிக்கும், அசையாமத் தூங்குவா. எங்கக்கா சொல்லும், எங்கம்மா வயித்துல பொறந்த ஒனக்கே வேட்டுச் சத்தம்னா ஆகாது, ஒம் மக பாருடான்னு. எனக்குப் பெருமை தாங்காது. குழாய் கட்டுறவன் மகன்னா அப்படித்தான் இருக்கணும்னு வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் சொல்லுவேன். உமையா அடுப்படியில இருந்து எட்டிப் பாப்பா. பாத்துட்டு உள்ள போயிருவா.

அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துச்சு. புள்ளைக்குப் பின்னாடி போயி நின்னுக்கிட்டுக் கைதட்டுறது. தட்டத் தூக்கிக் கீழ போடுறது. கதவ அடிச்சுச் சாத்துறது. நான் கத்தினேன். ஏண்டி, பெத்த புள்ளையச் சோதிக்கிறவ ஒரு தாயான்னு கேட்டேன். நான் டெஸ்ட்டு பண்ணாம ஒரு மைக்கயும் மேடைக்குக் குடுத்ததில்ல சார். கலெக்டர் வந்த கூட்டத்துலயே, இருங்கய்யான்னு நிறுத்தி வச்சு, மைக் டெஸ்டிங்னு சொல்லிப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். அது சாமான், அதச் சோதிக்கணும். இது என் ரத்தம். நான் இவளச் சோதிக்கவே இல்ல. இன்னை வரைக்கும் ஒரு நாளும் சோதிக்கலை. அதச் சொல்லிக்கிறதுல எனக்குக் குறைச்சல் ஒண்ணும் இல்ல.

அதுக்கு அவசியமும் வரலை. ஏன்னா இவளுக்குக் கேக்கும். எப்படித் தெரியும்னா கேளுங்க. நடக்க ஆரம்பிச்ச நேரம். கடையில பெரிய பாக்ஸு ஒண்ணு புதுசா எறக்கிருந்தேன், நெஞ்சுல குத்துற மாதிரி அடிக்கும். பாட்டப் போட்டேன். இவ தத்தக்கா பித்தக்கான்னு வந்து ரெண்டு கையையும் பாக்ஸு மேல வச்சா. அப்படியே மொகமெல்லாம் சிரிப்பு. கன்னத்தக் கொண்டுபோயி பாக்ஸுல ஒட்டிக்கிட்டா. பாட்ட நிறுத்தினேன், திரும்பி என்னையப் பாக்குறா. போட்டேன், சிரிக்கிறா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு சார். தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன். காது கேக்காத புள்ளையா இது, எவண்டா சொன்னதுன்னு கேட்டேன். எல்லாரும் பாத்தாக. 

உமையாவும் வந்து பாத்தா. ஈரக் கையத் தொடச்சுக்கிட்டு வந்தா.  அப்புறம் புள்ளையத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, நடு ரோட்டுக்குப் போயி, எனக்கு முதுகக் காட்டி நின்னுக்கிட்டா.

"இப்பப் போடுங்க மாமா"ன்னா.

போட்டேன். எதுத்த வீட்டு ஓடு அதிந்துச்சு. இவ ஆத்தா கழுத்துல கெடந்த தாலிக்கயித்தப் புடிச்சு விளையாடிக்கிட்டு இருந்தா.

வோல்டேஜு கம்மி சார் அன்னைக்கு. எங்க தெருவுல சாயங்காலம் ஆச்சுன்னா வோல்டேஜு நிக்காது, பாக்ஸு சரியா எடுக்காது. நான் சொன்னேன். அவ திரும்பிப் பாக்கவே இல்ல. அன்னையில இருந்துதான் எங்கிட்டப் பேச்சக் கொறைச்சுக்கிட்டா. சண்டை போட்டாக்கூட நல்லாருக்கும். சோறு போடுவா, வேட்டி துவைப்பா, பேச மாட்டா. வீட்டுல ஒண்ணு பேச வரலை, இன்னொண்ணு பேச மாட்டேங்குது. நான் ஒருத்தனாப் பேசிக்கிட்டு இருந்தா எப்படியிருக்கும்? அதான் உங்களைப் பாத்ததும் புடிச்சுக்கிட்டேன். தப்பா எடுத்துக்காதீக.

இருங்க, போனு. உமையாதான்.

ஆங், சொல்லு. பக்கத்துலதான். கேண்டீன் கிட்ட. பாப்பா அழுதா, வேடிக்கை காட்டிக்கிட்டு இருக்கேன். வாரேன், வாரேன். ஒண்ணும் குடுக்கலை. வாரேன்னு சொல்லுறேன்ல.

வச்சுட்டேன். என்ன சார் அப்படிப் பாக்குறீக. பதறுவாளேன்னு சொன்னேன். ஊருக்குப் போயிச் சேந்துட்டு வெவரமாச் சொல்லிக்கலாம்.

முழுசாச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். போன வருசம் அவளே புள்ளையத் தூக்கிக்கிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா, எங்கக்காவத் தொணைக்குக் கூட்டிக்கிட்டு. தாலுக்காவத் தாண்டிப் பஸ்ஸேறத் தெரியாத பொண்ணு சார் அவ. செவுரெல்லாம் பஞ்சு வச்ச ரூமுல ஒக்கார வச்சு, தலையில வயரு ஒட்டிப் பாத்தாகளாம். ரெண்டு காதும் கேக்கலைன்னு சொல்லிப்புட்டாக. அதுக்கப்புறம் என்னைய வரச் சொன்னாக. டாக்டரம்மா மொதக் கேள்வியே, சொந்தத்துல கட்டினீங்களான்னு கேட்டாக. ஆமா, அக்கா மகன்னேன். அதனாலயும் இருக்கலாம், உங்க குழாய் சத்தத்தால வந்தது இல்லைன்னு சொன்னாக. அப்ப என்ன சொல்லுறாக? குழாய் மேல குத்தமில்ல, எங்க ரத்தத்து மேல குத்தமாம். எங்கக்கா பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டு இருக்கு. அது மொகத்த நான் எப்படிப் பாப்பேன்? அதுக்குக் குழாயே தேவலைன்னு இருந்துச்சு எனக்கு.

அப்புறம் கேட்டாக, ஏம்மா, பொறந்தப்பவே ஒரு தடவை பாத்து, சந்தேகம்னு சொல்லிருக்காகளே, அப்பவே கொண்டாந்துருந்தா இந்நேரம் இந்தப் புள்ளை பேசிருக்குமே, எங்க போயிருந்தீகன்னு. உமையாவப் பாத்துத்தான் கேட்டாக. அவ தரையையே பாத்துக்கிட்டு இருந்தா.  எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். ரூமு பூட்டிக் கெடந்துச்சு, மிசினு சர்வீசுக்குப் போச்சு, ஆளு கெளம்பிப் போயிட்டாருன்னு எடுத்துச் சொல்ல வேண்டியதுதான? நான் இருக்கிற எடத்துல வாயத் தொறக்காம நின்னா, பாக்குறவுக என்னையத்தான நெனப்பாக? அங்க எனக்கு அவமானமாப் போச்சு சார்.

இனியும் தள்ளக் கூடாதுன்னுட்டாக. இப்பவே லேட்டு, நாளாக நாளாக மிசினு வச்சாலும் பேச்சு வராது, மூளை அதப் பழகாதுன்னாக. ஆபரேசன் காப்பீட்டுல பண்ணிருவாக, ஆனா அதுக்கும் வயசு கணக்கு இருக்கு, அதத் தாண்டுனா எடுக்க மாட்டாகளாம். எங்களுக்கு முன்னாடி எத்தனையோ புள்ளைக காத்துக்கெடக்கு. நடந்து நடந்து உமையாவுக்குச் செருப்புத் தேஞ்சுபோச்சு. கடைசியில வந்துச்சு நாளு.

இன்னைக்குத்தான் சார்.

ஆமா. இன்னைக்குத்தான்.

கவுனுக்குள்ள பச்சைச் சட்டை தெரியுதா? அது அங்க போட்டு விட்டது. மேல நான் கவுன மாட்டி விட்டுட்டேன். காலையில மொத ஆளு இவதான்னாக. உமையா கையெழுத்துப் போடப் போனா. புள்ளையப் பாத்துக்கங்க மாமான்னா. ரொம்ப நாளைக்கப்புறம் அவளா வாயத் தொறந்து மாமான்னு கூப்பிட்டா. சிரிச்சுக்கூட இருப்பாளோன்னு எனக்கு ஒரு நெனப்பு. அவ போனதும், ஒரு வண்டிய உருட்டிக்கிட்டு வந்தாக, பக்கத்துக் கட்டில் புள்ளைய ஏத்திக் கொண்டுபோனாக. அந்தப் புள்ளையோட அப்பன் செவுத்துல தலைய முட்டிக்கிட்டு நின்னான். நான் இவளப் பாத்தேன். இவ அந்த வண்டிச் சக்கரத்தையே பாத்துக்கிட்டு இருக்கா. இந்தத் தலையிலயா சார் தொளைப்பாக? வேட்டுக்குப் பயப்படாத என் புள்ளைய?

டீ குடிச்சிட்டு வரலாம்னுதான் தூக்கிக்கிட்டு எறங்கினேன். சாமி சத்தியமா அம்புட்டுத்தான் நெனச்சேன். ராத்திரியில இருந்து பச்சைத் தண்ணி குடுக்கலை, வெறும் வயித்துல இருக்கணும்னாக. டீக்கடையில பன்னு வச்சிருந்தான். கையக் கையக் காட்டுறா. எந்த அப்பனால தாங்க முடியும்? வாங்கிக் குடுத்தேன். பாலும் குடிச்சா. குடிச்சு முடிச்சப்புறம்தான் எனக்கு நெனப்பு வந்துச்சு, சாப்புட்டா இன்னைக்கு மயக்க மருந்து குடுக்க மாட்டாகன்னு. சரி, அப்ப இன்னைக்கு இல்லைன்னு ஆயிப்போச்சு, இனி அங்க போயி என்ன செய்யன்னு நிக்கிறேன். நேரா எங்கூரு பஸ்ஸு வந்து நிக்குது. நானா வரவச்சேன்? எங்க அழகுநாச்சியே அனுப்பிவிட்டதாத்தான் எனக்குத் தோணுச்சு. ஊருல காப்பு, நான் போயிக் குழாயக் கட்டலைன்னா ஊரே மொட்டையாக் கெடக்கும்.

மறுபடி போனு. அடிச்சுட்டுப் போகட்டும். இப்ப எடுத்தா என்னத்தச் சொல்லுறது? கேண்டீன்ல போயித் தேடிருப்பா. பாத்ரூம் பக்கம் தேடிருப்பா. அழுதுக்கிட்டே மாடிப்படி ஏறி எறங்குவா, அவ அப்படித்தான். அவ எம்மேல கோவப்படுவா, எனக்குத் தெரியும். ஆனா ஒரு நாள் இவ வாயத் தொறந்து அப்பான்னு கூப்பிடுறப்ப, ஆத்தாளும் மகளும் என்னையக் கும்பிடுவாக. மண்டையில தொளையில்லாமக் காப்பாத்துனது எங்கப்பன்தான்னு இவளே சொல்லுவா.

என்ன சார் சொன்னீக? சத்தமாச் சொல்லுங்க, பஸ்ஸு இரைச்சல்ல ஒண்ணும் விளங்கலை.

எறங்கித் திரும்பிப் போகவா? இப்பவா?

போயி? புள்ளை சாப்புட்டுருச்சு சார். நாளைக்குப் பண்ணுவாகங்கிறீகளா? நாளைக்கு வேற புள்ளை இருக்கும். கெஞ்சிக் கேட்டா வைப்பாகளா? உமையா கெஞ்சுவா. அவ கால்ல விழுந்தாவது கேட்டுருவா. அவளுக்கு இதே வேலை.

உங்களுக்கும் இவளுக்குக் காது கேக்கலைன்னுதான் தோணுது, இல்ல? ஏறினதுல இருந்து பாக்குறேன், நீங்களும் எல்லாரு மாதிரியும் இவளப் பாத்து உச்சுக் கொட்டுறீக. சரி. ஒண்ணு பண்ணுவோம். நீங்க பள்ளிக்கூட வாத்தியாருன்னு கண்டக்டரு வணக்கம் வச்சப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். நீங்க இவளக் கூப்பிடுங்க. நான் கூப்பிட்டா ஊரு நம்பாது, உமையா கூப்பிட்டா அழுதுக்கிட்டே கூப்பிடுவா. நீங்க அசலு ஆளு. ஒரு தடவை பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. அவ திரும்பினா, நான் நேரா ஊருக்குப் போறேன். திரும்பலைன்னா. திரும்புவா, கூப்பிடுங்க.

இருங்க, இருங்க. மடியில வேணாம், நீங்க கூப்பிடுறப்ப என் தொடை அதிந்துட்டா அவளுக்குத் தெரிஞ்சுரும். சீட்டுல நிப்பாட்டிர்றேன். அந்தக் கம்பியில இருந்து கைய எடும்மா, அதுலயும் அதிரும். நீங்க அவ மேல மூச்சுப் படாமக் கொஞ்சம் தள்ளிக்கங்க. சீட்டத் தட்டிராதீக. நெழலு விழுந்தாலும் திரும்பிருவா, அதனால இந்தப் பக்கமாக் குனிஞ்சுக்கங்க. ஆங், அப்படித்தான். இப்ப வகுப்புல கடைசி பெஞ்சுப் புள்ளையக் கூப்பிடுற மாதிரி, நல்லா நெஞ்சுல இருந்து எடுத்துக் கூப்பிடுங்க. சுடர்விழின்னு முழுப் பேரையும் சொல்லுங்க.

கூப்பிடுங்க சார். நான் கண்ண மூடிக்கிறேன்.

கூப்பிட்டுட்டீகளா?

கண்டக்டரு ஏன் ஓடியாறாரு? ஒண்ணுமில்லண்ணே, சும்மா, நீங்க போங்க. முன்னாடி தூங்கிக்கிட்டு வந்த அம்மாவும் எந்திரிச்சுப் பாக்குறாக. டிரைவரு கண்ணாடியில பாக்குறாரு. எல்லாரும் எதுக்கு இங்கிட்டே பாக்குறீக, ஒங்க சோலியப் பாருங்க.

வெளிய ஆட்டு மந்தை போகுது சார். அதப் பாத்துக்கிட்டு இருக்கா. குட்டிய ஒருத்தன் தோள்ல போட்டுக்கிட்டுப் போறான் பாருங்க, அதத்தான் பாக்குறா. அதுல புத்தி போயிருச்சு. பச்சைப் புள்ளைதான.

ஆவரம்பட்டி வந்துருச்சு. ஆளு எறங்கணும், நிறுத்துங்கண்ணே. காலக் கொஞ்சம் நகட்டுங்க சார், புள்ளையத் தூக்கிக்கிறேன். அழாதீக. நீங்க ஏன் அழுவுறீக? உங்க மேல ஒரு குத்தமும் இல்ல.

நீங்க மெதுவாக் கூப்பிட்டுட்டீக சார்.